டீசல் குச்சியில் ஒரு செம்புக் கம்பி

ஏப்ரல் 16, வியாழன்

தடைக்காலம் நேற்றுத் தொடங்கியது. இனி அறுபத்தொரு நாள் தருவைகுளத்தில் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாது. மீன்கள் முட்டையிடட்டும் என்று அரசாங்கம் விடுகிற விடுமுறை. படகுகளுக்கோ அதுதான் மராமத்துக் காலம்.

காலையில் கிளாட்வின் வந்தான். என் வீட்டுக்காரருடைய தங்கை மகன். ஜனவரியில் இவர் வாதம் வந்து விழுந்தது முதல் எங்கள் 'சகாய ராணி'யை அவன்தான் ஓட்டுகிறான். டீசல் டேங்க் போய்விட்டது என்றான். போன வருடம் கசிந்த இடத்தில் பார் சோப்பைத் தேய்த்து, மேலே பசையை அப்பி, பெயின்ட் அடித்து ஒப்பேற்றியிருந்தார்கள். இந்த வருடம் சோப்பு ஒட்டிக்கொள்ளவே தகடு இல்லையாம். துரு உள்ளேயிருந்து தின்றுவிட்டது. மார்ச்சில் டீசலில் தண்ணீர் கலந்து இரண்டு முறை நடுக்கடலில் இன்ஜின் நின்றதை இன்றுதான் சொல்கிறான்.

இவர் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். முப்பத்தாறு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். எத்தனையோ பிள்ளைகள் புரியாமலே "சரி டீச்சர்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இவர் சொல்லும்போது புரியாதவள் நான்.

கிளாட்வின் பேசி முடித்ததும் இடது கையை நீட்டிச் சுவர்க் காலண்டரைக் காட்டினார். நான் தாள்களைப் புரட்டினேன். ஜூன் வந்ததும் "சரி" என்றார். பதினைந்தாம் தேதி, தடை முடிந்து படகுகள் கிளம்புகிற நாள். அன்றைக்குத் தானே படகை எடுக்கப்போவதாக இருக்கிறார்.

கிளாட்வின் என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மஸ்கட்டிலிருந்து மகள் ரெனிட்டா கூப்பிட்டாள். முப்பத்துநாலு வருடப் படகுக்குப் புது டேங்க் எதற்கு, விற்றுவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள் என்றாள். யோசிக்கிறேன் என்றேன்.

யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதை எழுதவில்லை.

மருத்துவர் ஒரு பேச்சில் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த மாதிரி நோயாளிக்கு முன்னால் ஒரு தேதி இருக்கவேண்டும் என்றார். இவருக்கு இருப்பது ஒரே தேதி. படகு அன்று கிளம்பவில்லை என்றால் இவரிடம் நான் காட்டுவதற்குக் காலண்டரில் வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

வெல்டர் சுடலைமுத்து வந்தான். உட்காரும் முன்பே சொன்னான், "என்னைய ஏழாங்கிளாஸ்ல ரெண்டு வருசம் உக்கார வச்சது நீங்கதான் டீச்சர். கணக்குல பதிமூணு மார்க்கு."

"பதினொண்ணு" என்றேன்.

இவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிற சிரிப்பு. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை.

மே 2, சனி

இன்று படகுக்குள் ஏறினேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தொழில் படகில் கால் வைப்பதில்லை. என் வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து வாங்கிய படகு. முப்பத்துநாலு வருடமாக நான் அதைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஆனால் டேங்கை எப்படி வெளியே எடுப்பது என்று கிளாட்வினுக்கும் வெல்டருக்கும் நாலு நாளாகத் தகராறு. யாராவது பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. சுடலைமுத்துதான் வழி சொன்னான்: "கரையேத்தி முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கது படகு இல்ல டீச்சர், வெறும் மரம். ஏறுங்க." கிளாட்வின் ஏணியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

உள்ளே டீசல் நாற்றமும் மட்கிய மர நாற்றமும். டார்ச் அடித்துப் பார்த்தபோது தகராறின் காரணம் புரிந்தது. முதலில் டேங்கை வைத்துவிட்டு, பிறகு அதற்கு மேல் தளத்தை அடைத்திருக்கிறார்கள். பாட்டிலுக்குள் எலுமிச்சம்பிஞ்சை விட்டுச் செடியிலேயே வளர்த்துப் பறித்தால் எப்படி இருக்கும்? பழம் உள்ளே, வாய் சிறிது. பாட்டிலை உடைக்கவேண்டும், அல்லது பழத்தை நறுக்கவேண்டும். பழைய டேங்கைத் துண்டு போட்டு எடுப்பது, புதியதை இறக்கத் தளத்தில் நாலு பலகையைக் கழற்றுவது என்று முடிவானது.

ஸ்டியரிங் பக்கத்துப் பலகைத் தட்டில் விரித்திருந்தது என் பழைய அரையாண்டு வினாத்தாள். எண்ணெய்க்கறை படிந்து, ஐந்தாம் கேள்வி மட்டும் தெரிந்தது. கடலில் இவருக்கு எதிரே இது இருந்திருக்கிறது. சொன்னதே இல்லை.

மே 6, புதன்

டேங்கை வெட்டினார்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே ஆவி நிற்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். சுடலைமுத்து கையைக் காட்டினான். ஏற்கெனவே கசிகிற இடத்தில் சாக்கை அடைத்து வாய்மட்டம் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான். "பதினொரு மார்க்குக்கு இவ்வளவு தெரியும் டீச்சர்."

பதினோரு துண்டுகள். அடித்தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. டேங்க் நின்ற மரச்சட்டமும் உளுத்துப்போயிருக்கிறது.

மே 14, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இவரைத் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். முதுகில் சிவப்பாக ஓர் இடம்.

மே 15, வெள்ளி

சிவப்பு அப்படியே இருக்கிறது. இடுப்பு வலி எனக்கு.

மே 23, சனி

சுடலைமுத்து புது டேங்குக்குப் படம் போட்டுக்கொண்டு வந்தான். பழையது சதுரப் பெட்டி. சட்டம் உளுத்துவிட்டதால், புதியதைச் சட்டம் இல்லாமல் படகின் சாய்ந்த வயிற்றோடு ஒட்டி உட்காரவைக்கிறான். அடியில் ஓரடி அகலம், மேலே மூன்றடி. உயரம் அதே நாலடி. கொள்ளளவும் அதே இரண்டாயிரத்து நானூறு லிட்டர். கிளாட்வினுக்கு அதுதான் திருப்தி. "ஒசரம் அதே, எண்ணெயும் அதே. ஒண்ணும் மாறல மாமி."

எனக்கு ஏதோ உறுத்தியது. அவர்கள் போன பிறகு சமையலறையில் ஒரு நேர் டம்ளரையும் பாயசம் குடிக்கிற வாய் அகன்ற டம்ளரையும் எடுத்தேன். இரண்டிலும் சரிபாதி உயரம் தண்ணீர். நேர் டம்ளரில் பாதி என்றால் பாதி. மற்றதில் பாதி உயரம் வந்தும் பாதித் தண்ணீர் இல்லை, அடி குறுகல். பழக்க தோஷத்தில் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஊற்றி அளந்திருக்கிறேன். திரும்பினால் இவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சரி" என்றார். தாகம் போல என்று அந்தத் தண்ணீரையே கொடுத்தேன்.

ஜூன் 4, வியாழன்

டேங்க் இறங்கியது. தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பலகைகளை மறுபடி அடித்தாகிவிட்டது. திங்கட்கிழமை படகு தண்ணீரில் இறங்கும்.

இவரிடம் சொன்னேன். காலண்டரைக் காட்டினார். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார முயன்றார். மூன்று தடவை. மூன்றாவது தடவை நான் பிடித்தேன்.

ஜூன் 6, சனி

விஷயம் இதுதான். படகில் டீசல் மீட்டர் கிடையாது. நாலடி தேக்குக் குச்சி ஒன்று, ஆறு அங்குலத்துக்கு ஒரு வெட்டு. டேங்கில் விட்டு எடுத்தால் எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் இருப்பு. இவர் தன் கையால் செதுக்கியது. அடியிலிருந்து பதினாறாவது அங்குலத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறார். டீசல் கம்பிக்கு இறங்கிவிட்டால், வலையில் எவ்வளவு மீன் விழுந்தாலும் படகைத் திருப்பவேண்டும். சதுர டேங்கில் அந்த இடத்தில் எண்ணூறு லிட்டர் இருந்தது. சாதாரண நாளில் வீடு வர அது போதும்.

புது டேங்கில் அதே பதினாறு அங்குலத்தில் இருப்பது ஐந்நூற்று முப்பத்து மூன்று. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். எண்ணூறு வேண்டுமென்றால் கம்பி இருபத்திரண்டாவது அங்குலத்தில் இருக்கவேண்டும்.

மரக்கடையில் ஒரு தேக்குச் சட்டம் வாங்கி, பிளேடால் புது வெட்டுகள் போட்டேன். கீழே வெட்டுகள் தள்ளித் தள்ளி, மேலே போகப் போக நெருக்கமாக. இருபத்திரண்டில் சிவப்புக் கோடு. முடித்ததும் இவருடைய கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இவரிடம் காட்டவில்லை. கை போயிற்று, பேச்சு போயிற்று, இனி உங்கள் குச்சியும் பயன்படாது என்று எந்த வாயால் சொல்வது? கிளாட்வினிடம் முன்கூட்டிக் கொடுத்தால் அவன் நேரே வந்து இவரிடமே விளக்குவான். கிளம்புகிற அன்று கொடுத்தால் போதும்.

ஜூன் 10, புதன்

கிளாட்வின் படகுச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினான். இவர் பழைய குச்சியைக் காட்டிக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சாப்பிடும்போதும் அது கட்டிலில்தான் கிடக்கிறது. போர்வையெல்லாம் டீசல் வாடை.

தன்னிடமே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்கிறார் போல. எனக்கும் அதுதான் நல்லது.

ஜூன் 13, சனி

மதியம் ரேஷன் கடையில் வரிசை. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் இவருடைய கீழுதட்டில் வெட்டு, தாடையெல்லாம் ரத்தம். வலிப்பு வந்து கடித்துக்கொண்டாரோ என்று உயிரே போய்விட்டது. மருத்துவரைக் கூப்பிட்டேன். ஒரு நாள் பார்க்கலாம் என்றார். தேங்காய் எண்ணெய் தடவினேன். இவர் என்னவோ தெம்பாகத்தான் இருக்கிறார். "சரி, சரி" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

இரவெல்லாம் வலிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

பூசை முடிந்து பங்குச் சாமியார் படகுகளை மந்திரித்தார். டீசல் நிரப்பியாயிற்று. சாயங்காலம் கிளாட்வின் விடைபெற வந்தான். இவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு உட்காரவைத்திருந்தேன். நாளைக்கு என்ன சொல்லி இவரை நிறுத்துவது என்று எனக்கு அதுவரை தெரியவில்லை.

கிளாட்வின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.  இவர் பக்கத்திலிருந்த குச்சியை இடது கையால் எடுத்து அவனிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சிக்கிடுங்க மாமா. நீங்கதான வரப்போறீய" என்றான் பிள்ளை, இத்தனை நாள் சமாதானம் சொன்ன பழக்கத்தில்.

இவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. குச்சியை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "சரி" என்றார்.

கிளாட்வின் அழுதுவிட்டான். நான் காபி போடப் போனேன். பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். இரண்டு மாதமாக நாங்கள் இவரிடம் மறைத்ததாக நினைத்ததை இவரே எங்களுக்குச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து வேறொரு குச்சியை எப்படி எடுப்பேன்?

நான் வெளியே வருவதற்குள் ஐஸ் ஏற்றவேண்டும் என்று கிளாட்வின் போய்விட்டான். விடிகாலை நாலரைக்குத்தான் கிளம்புவார்கள், கரைக்கு வரச் சனிக்கிழமை ஆகும். நான் நாலு மணிக்கு இறங்குதளத்துக்குப் போய்க் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஜூன் 15, திங்கள்

கண் அயர்ந்துவிட்டேன். எழுந்தபோது மணி ஆறு இருபது.

ஜூன் 16, செவ்வாய்

நேற்று முழுவதும் கிளாட்வின் செல்போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. விசைப்படகுச் சங்க அலுவலகத்தில் வயர்லெஸ் இருக்கிறது. அங்கிருக்கும் பெரியவரிடம், கம்பிக்கு ஆறு அங்குலம் முன்பே திரும்பச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "டீச்சர், தஸ்நேவிஸ் அண்ணன் குச்சி தப்பாது. ஊருக்கே தெரியும்."

அவர் மேசையிலிருந்த பேனாக் கூட்டையும் டீ கப்பையும் வைத்து விளக்கினேன். டீ கப் காலியான பிறகு அவருக்குப் புரிந்தது. உடனே கூப்பிட்டார். பதில் இல்லை. வெகுதூரம் போய்விட்டார்களாம்.

ஏழு பேர் அந்தப் படகில். கிளாட்வினுக்குப் போன ஐப்பசியில்தான் குழந்தை பிறந்தது. கடலில் கச்சான் என்கிற மேல்காற்று. வீடு வர எதிர்க்காற்று.

ஜூன் 17, புதன்

மூன்று தடவை சங்கத்துக்குப் போனேன். பதில் இல்லை.

ஜூன் 18, வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன். சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது கையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க் மாறினால் குச்சியும் மாறவேண்டும் என்று எனக்குத் தெரியும், புதுக் குச்சி செய்தேன், உங்கள் மனசு நோகும் என்று ஒளித்தேன், பிறகு தூங்கிவிட்டேன் என்று. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பயந்து மறைக்கிற தப்பு வளரும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"சரி" என்றார். கோபமே இல்லை. இடது கையைக் கட்டிலுக்கு அடியில் விட்டு, நேராக என் குச்சியைத் தட்டிக் காட்டினார். அது அங்கே இருப்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது.  பிறகு இரண்டு விரலைக் காட்டினார். முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு இரண்டு விரலுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். பெட்பேனைக் கொண்டுவந்தேன். தலையணையில் அடித்து, "சரி, சரி, சரி" என்று கத்தினார். வேண்டாமாம்.

ஜூன் 19, வெள்ளி

ஜெபமாலை சொன்னேன். நடுவில் எண்ணிக்கை தவறியது.

ஜூன் 20, சனி

ஞாயிற்றுக்கிழமை தொழில் கிடையாது. ஆகையால் சனிக்கிழமை எல்லாப் படகும் கரைக்கு வந்துவிடும். மதியம் ஒரு மணிக்குப் பதினாறு படகுகள் வந்துவிட்டன. நான் இறங்குதளத்தில் நின்று எண்ணினேன். மூன்று மணிக்கு இன்னும் நாலு. 'சகாய ராணி' இல்லை. இவருக்குத் துணையாக நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன்.

ஐந்தேகாலுக்கு வந்தது. மெதுவாக, தன் இன்ஜினிலேயே வந்தது. யாரும் கட்டி இழுக்கவில்லை.

கிளாட்வின் குதித்து வந்தான். அவன் கையைப் பிடித்தேன். "டீசல் இருக்கா?" என்றுதான் கேட்டேன்.

"நாலு விரக்கடை இருக்கு மாமி. காத்து மூஞ்சிலேயே அடிச்சுது, நவுர மாட்டேங்குது. பாதி டேங்கு இருக்கும்போதே மாமா திருப்பச் சொல்லிட்டாவளேன்னு பயலுவ என்னைய ஏசாத ஏச்சு இல்ல. சூரை மீனு வலையில அப்படிப் படுது. நான் சொல்லிட்டேன், மாமா கட்டுனா கட்டுனதுதான்னு."

"மாமா எங்கடா கட்டினாங்க?"

குச்சியை எடுத்துக் காட்டினான். பதினாறாம் அங்குலத்தில் கறுப்புத் தேக்கைச் சுற்றி வெளுத்த வளையம். முப்பத்துநாலு வருடம் கம்பி இருந்த தடம். கம்பி அங்கே இல்லை. மேலே ஏறியிருந்தது. சுற்று ஒழுங்காக இல்லை, கோணல்மாணலாக ஏழு சுற்று. முனையில் கம்பி நசுங்கிப் பல் பதிந்திருந்தது.

போன சனிக்கிழமை நான் ரேஷன் கடையில் நின்ற ஒன்றரை மணி நேரம். என் குச்சியைக் கட்டிலடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சுற்றியிருக்கிறார். கம்பி கிழித்த உதட்டுக்குத்தான் நான் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு குச்சியையும் சேர்த்து வைத்தேன். என் சிவப்புக் கோடு இருபத்திரண்டில். இவருடைய கம்பி அதற்கும் இரண்டு விரல் மேலே. என் கணக்கில் தப்பில்லை. நான் காற்றைச் சேர்க்கவில்லை. என் கோட்டில் திரும்பியிருந்தால் ஊர் விளக்கு தெரிகிற தூரத்தில் இன்ஜின் நின்றிருக்கும்.

ஜூன் 21, ஞாயிறு

ரெனிட்டா கூப்பிட்டாள். படகு இருக்கட்டும் என்றேன். ஏன் குரல் இப்படி இருக்கிறது என்றாள். தூக்கம் வருகிறது என்றேன்.

பழைய குச்சியின் வெட்டுகள் இனி உதவாது, என்னுடையதில்தான் அளக்கவேண்டும் என்று இவரிடம் சொன்னேன். இந்த முறை டம்ளர் எதையும் எடுக்கவில்லை. இவரே பழைய குச்சியிலிருந்து கம்பியை அவிழ்த்தார். நான் என் குச்சியை மடியில் வைத்து, கம்பியின் நுனியைச் சிவப்புக் கோட்டில் பிடித்தேன். இவர் என் கையை மேலே தள்ளினார். இரண்டு விரல்.

அங்கேயே பிடித்துக்கொண்டேன். இவர் இடது கையால் சுற்றினார். நேரம் ஆயிற்று. ஏழு சுற்றும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காக விழுந்தன. பல்லுக்கு வேலை இல்லை.